காப்பி தேசத்தில் மார்மன்கள்

2010இல் பிரேசில் அரசு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைப் பற்றிய கேள்வியும் இருந்தது. மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள் என்று அதில் தெரியவந்தவர்கள் 2,26,509 பேர். அதே ஆண்டின் முடிவில், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமையகத்தின் பதிவேட்டில் பிரேசில் உறுப்பினர்கள் 11 லட்சத்துக்கும் மேல். இரண்டில் எதுவும் பொய்க்கணக்கு இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒன்பது லட்சம் பேர் காணாமல் போயிருக்கிறார்கள்.

தென் அமெரிக்காவில் மார்மன் மதம் காட்டுத்தீபோலப் பரவுகிறது என்று எழுதுகிறவர்கள் பதிவேட்டை எடுத்துக்கொள்வார்கள். அதெல்லாம் வெறும் ஊதிப் பெருக்கிய கணக்கு என்பவர்கள் அரசுக் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். பிரேசிலின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தச் சபை பிரேசிலில் வளர்ந்ததெல்லாம், தான் கொண்டுவந்த ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்த சமயங்களில்தான். முதலில் ஒரு மொழியை விட்டது. பிறகு ஒரு விதியை விட்டது. இன்னும் விடாமல் வைத்திருப்பவை சில உண்டு; வந்தவர்களில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதை அவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

இவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபை இது. பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்ற இன்னொரு வேதமும் இவர்களுக்கு உண்டு. பழைய காலத்தில் இஸ்ரவேலர் சிலர் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்துக்கு வந்ததாகவும், உயிர்த்தெழுந்த இயேசு இங்கேயும் வந்து போதித்ததாகவும் அது சொல்கிறது. பலதார மணத்தால் அமெரிக்க அரசோடு மோதி, 1890இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். சபைத் தலைவரைத் தீர்க்கதரிசி என்பார்கள். கடவுள் அவருக்கு இன்றும் வெளிப்பாடு தருகிறார் என்பது நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2018 முதல் தங்களை 'மார்மன்' என்று அழைக்க வேண்டாம் என்று சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. பிரேசில் தெருக்களில் இன்னமும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது என்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். மது, புகையிலை கூடாது. காப்பியும் தேயிலையும் கூடாது. உலகத்திலேயே அதிகமாகக் காப்பி விளையும் நாட்டில், வீட்டுக்கு யார் வந்தாலும் சின்னக் கோப்பையில் கடுங்காப்பியை ஊற்றி நீட்டும் நாட்டில், காப்பி குடிக்காத மதத்தைப் பரப்ப வந்தார்கள் என்பதை நினைத்தாலே கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அங்கே மார்மன் வீடுகளில் வறுத்த பார்லியில் போட்ட 'செவாடா'வைக் காப்பிக்குப் பதில் குடிப்பார்கள். தெற்கு மாநிலங்களின் மாத்தே கஷாயம் தேயிலைச் செடியிலிருந்து வருவதில்லை என்பதால் அதற்குத் தடை இல்லை. ஒரு மதம் புது ஊரில் காலூன்றும்போது இப்படிச் சமையலறையில்தான் முதல் சமரசங்கள் நடக்கும்.

ஜெர்மானியர்களைத் தேடி வந்தவர்கள்

பிரேசில் என்றால் சம்பாவும் கால்பந்தும் கறுப்புப் பண்பாடும் நினைவுக்கு வரும். மார்மன்கள் வந்து இறங்கிய பிரேசில் அது இல்லை. நாட்டின் தெற்கே சாண்டா கத்தரினா, ரியோ கிராண்டே டோ சூல் மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஜெர்மானியர்கள் குடியேறியிருந்தார்கள். புளூமெனாவ், ஜாயின்வில் போன்ற ஊர்களில் பள்ளி, பத்திரிகை, கோயில் எல்லாமே ஜெர்மன் மொழியில். முதல் உலகப் போரை ஒட்டி வந்த குடியேறிகளில் ஜெர்மனியிலேயே மார்மனாக மாறியிருந்த ஒன்றிரண்டு குடும்பங்களும் இருந்தன. 1923இல் சாண்டா கத்தரினாவின் ஈப்போமேயா என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்த அகுஸ்தா லிப்பெல்ட் என்ற பெண், சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதிப் பாடப் புத்தகங்களை வரவழைத்துத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். போதகரும் இல்லை, சர்ச்சும் இல்லை; தபால்காரர் மட்டும்தான்.

1925 டிசம்பர் 25 அன்று மெல்வின் பல்லார்ட் என்ற அப்போஸ்தலர் (சபைத் தலைமைக்கு அடுத்த நிலையில் உள்ள பன்னிரண்டு பேரில் ஒருவர்) அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரப் பூங்கா ஒன்றில் ஜெபம் செய்து தென் அமெரிக்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பணி கொஞ்ச காலம் மெதுவாகத்தான் வளரும், விதையிலிருந்து ஓக் மரம் வளர்வது மாதிரி என்று அடுத்த ஆண்டு அவர் சொன்னதைத் தென் அமெரிக்க மார்மன்கள் இன்றும் மேடைதோறும் சொல்கிறார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரைன்ஹோல்ட் ஸ்டூஃப் பிறப்பால் ஜெர்மானியர். 1928இல் அவர் மிஷனரிகளை ஜாயின்விலுக்கு அனுப்பினார். 1929 ஏப்ரலில் முதல் ஞானஸ்நானம். 1931இல் அங்கேயே ஒரு சர்ச். தென் அமெரிக்காவில் சபை சொந்தமாகக் கட்டிய முதல் கட்டடம் அதுதான். எல்லாம் ஜெர்மன் மொழியில் நடந்தது. சுற்றிலும் கோடிக்கணக்கில் இருந்த போர்த்துக்கீசியம் பேசும் மக்களிடம் இவர்கள் போகவே இல்லை.

இதற்கு மொழி வசதி மட்டும் காரணமில்லை. இன்னொரு காரணத்துக்கு அடுத்த பகுதியில் வருகிறேன். அதற்குள் கெட்டூலியோ வர்காஸ் குறுக்கே வந்தார். 1937 முதல் சர்வாதிகாரியாக ஆண்ட அவர், குடியேறிகள் எல்லாரையும் பிரேசிலியர்களாக்கியே தீருவது என்று கிளம்பினார். 1938இல் அந்நிய மொழிகளில் பள்ளி நடத்தவும் கூட்டம் நடத்தவும் தடை வந்தது. மார்மன் சபை ஒரே அடியில் வாயடைத்துப் போனது. மிஷனரிகள் போர்த்துக்கீசியம் கற்க உட்கார்ந்தார்கள். 1939இல் மார்மன் புத்தகம் போர்த்துக்கீசியத்தில் வந்தது. ஜெர்மன் உறுப்பினர்கள் பலர் விலகினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க மிஷனரிகளும் ஊர் திரும்பினார்கள். அன்று பார்த்தவர்கள் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். உண்மையில், பிரேசிலியர்களிடம் பேசும் கட்டாயம் அப்போதுதான் வந்தது. சபை தானாக எடுக்காத முடிவை ஒரு சர்வாதிகாரி எடுத்துக்கொடுத்தார்.

போருக்குப் பின் வேகம் கூடியது. 1966 மே மாதம் சாவ் பாவ்லோவில் தென் அமெரிக்காவின் முதல் 'ஸ்டேக்' அமைந்தது. பல சபைகளைச் சேர்த்து உள்ளூர்க்காரர்களே நிர்வகிக்கும் மறைமாவட்டம் மாதிரியான அமைப்பு அது. 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்துக்கும் இவர்களால் தொல்லை இல்லை. கத்தோலிக்கப் பாதிரிமார்களில் ஒரு பகுதியினர் ஏழைகள் பக்கம் நின்று ராணுவத்தை எதிர்த்துக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இந்த அமெரிக்கப் பையன்கள் அரசியல் பேசவே இல்லை. சி.ஐ.ஏ. உளவாளிகள் என்ற வதந்தி மட்டும் லத்தீன் அமெரிக்கா முழுக்க அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது.

ரத்தத்தைப் பார்த்துக் கதவைத் தட்டிய காலம்

இப்போது அந்த இன்னொரு காரணம். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று 1852இல் சபையின் இரண்டாம் தலைவர் பிரிகம் யங் அறிவித்தார். மற்றக் கிறிஸ்தவ சபைகளில் குருப்பட்டம் சிலருக்குத்தான், அதனால் இது சிறிய விஷயமாகத் தெரியலாம். மார்மன் சபையில் அப்படியில்லை. பன்னிரண்டு வயதுப் பையனிலிருந்து எல்லா ஆண்களுக்கும் ஆசாரியத்துவம் உண்டு. அது இல்லாதவர் திருவிருந்து பரிமாற முடியாது, தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப் ஆக முடியாது. கறுப்பினத்தவர், ஆணோ பெண்ணோ, ஆலயத்துக்குள் போய்ச் சடங்குகளைப் பெறவும் முடியாது. ஆலயம் என்பது ஞாயிறன்று கூடும் சர்ச் இல்லை, விசேஷச் சடங்குகளுக்கென்று கட்டும் தனிக் கட்டடம். கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் மறுமைக்கும் சேர்த்துப் பிணைக்கும் சடங்கு ஆலயத்தில்தான் நடக்கும். அதுதான் இந்த மதத்தின் உச்சம். ஆக, சேரலாம், காணிக்கை கொடுக்கலாம், பாடலாம், வாசலோடு சரி.

ஒரு சொட்டு ஆப்பிரிக்க ரத்தம் இருந்தாலும் விதி பொருந்தும். அமெரிக்காவில் இனக் கோடு சட்டத்தாலும் பழக்கத்தாலும் கெட்டியாகப் போடப்பட்டிருந்ததால் விதியை ஓரளவு சிக்கலில்லாமல் நடத்த முடிந்தது. பிரேசிலில்? சுமார் 48 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கி, 1888 வரை அடிமை முறையை வைத்திருந்து, நானூறு ஆண்டுகளாகக் கலந்துபோன நாடு அது. வெள்ளையராகத் தெரியும் ஒருவரின் கொள்ளுப்பாட்டி பாஹியாவில் கரும்புத் தோட்டத்து அடிமையாக இருந்திருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மார்மன் புத்தகத்தின்படி அமெரிக்கப் பூர்வகுடிகள் இஸ்ரவேலரின் வழிவந்தவர்கள், வாக்குத்தத்தம் பெற்றவர்கள். பிரேசிலில் பூர்வகுடி ரத்தமும் ஆப்பிரிக்க ரத்தமும் ஒரே உடம்பில் ஓடுகின்றன. ஒரே மனிதர் பாதி வரவேற்புக்கும் பாதி விலக்குக்கும் உரியவர்.

ஜெர்மன் கிராமங்களோடு நின்றிருந்தவரை இந்தக் கேள்வி எழவில்லை. அங்கே போனதற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம். போர்த்துக்கீசியத்துக்கு மாறியதும் கேள்வி தினசரிப் பிரச்சினையாகிவிட்டது. பிரேசிலில் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வெளி கேட்டில் நின்று கைதட்டிக் கூப்பிடுவார்கள். மிஷனரிகளும் அப்படித்தான் செய்தார்கள். கைதட்டி, யார் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். கறுப்பராக இருந்தால் இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசிவிட்டு அடுத்த வீடு. உள்ளே அழைத்தால் சுவரில் தொங்கும் குடும்பப் படங்களில் கண் போகும். பேச்சுவாக்கில் தாத்தா பாட்டி எந்த ஊர் என்று கேட்பார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் வம்சாவளியை விசாரிக்கவே தனியாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். கடவுளின் பெயரால் இருபது வயதுப் பையன்கள் அடுத்தவர் முடியின் சுருளையும் மூக்கின் அகலத்தையும் எடைபோட்டார்கள் என்பதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கறுப்பர்கள் வந்தார்கள். ரியோ டி ஜெனிரோவில் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருந்த எல்வேசியோ மார்டின்ஸ், மனைவி ரூடாவோடு 1972இல் சேர்ந்தார். விதி என்ன என்பதை மிஷனரிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தெரிந்தேதான் சேர்ந்தார். 1975 மார்ச்சில் தீர்க்கதரிசி ஸ்பென்சர் கிம்பால் சாவ் பாவ்லோவுக்கு வந்து, தென் அமெரிக்காவின் முதல் ஆலயம் இங்கே எழும்பும் என்று அறிவித்தார். கண்டம் முழுவதும் பணம் திரட்டினார்கள். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் தன் வாயிலிருந்த தங்கப் பல்லைக் கழற்றிக் கொடுத்தது பிற்பாடு பிரபலமான கதை. மார்டின்ஸ் தம்பதியும் கொடுத்தார்கள். ரூடா நகைகளை விற்றார். தாங்கள் உள்ளே போக முடியாத ஆலயத்துக்குத்தான்.

1977 மார்ச்சில் மூலைக்கல் நாட்டும் விழாவில் கிம்பால் கூட்டத்திலிருந்த மார்டின்ஸைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, விசுவாசமாக இரும் என்று மட்டும் சொன்னதாக மார்டின்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார். சபைத் தலைமைக்கு அந்த நேரத்தில் என்ன கவலை இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆலயம் திறந்ததும் வாசலில் நின்று யார் வெள்ளை, யார் இல்லை என்று பிரிக்க வேண்டிவரும். பிரேசிலில் அதை யாரால் செய்ய முடியும்? நிதி கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு ஆப்பிரிக்க மூதாதையர் இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

1978 ஜூன் 1 அன்று சால்ட் லேக் ஆலயத்தில் கிம்பாலும் அப்போஸ்தலர்களும் ஜெபத்தில் இருந்தபோது வெளிப்பாடு வந்ததாகவும், தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் இனி ஆசாரியத்துவம் உண்டு என்றும் ஜூன் 9 அன்று சபை அறிவித்தது. அமெரிக்காவில் இதைக் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்துக்குப் பிந்தைய அழுத்தத்தின் விளைவு என்று பேசினார்கள். அந்த அழுத்தம் உச்சத்தில் இருந்தது 1960களின் இறுதியில். 1978இல் அது தணிந்திருந்தது. அந்த ஆண்டு நெருக்கியது சாவ் பாவ்லோவில் எழும்பிக்கொண்டிருந்த சுவர்கள்தான் என்பது என் கணிப்பு. வெளிப்பாட்டை நம்புகிறவர்களுக்கும் இதில் முரண்பாடு இல்லை. கேள்வியே எழாமல் பதில் எங்கிருந்து வரும்? லீகிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற மூத்த அப்போஸ்தலரே அதே ஆகஸ்டில் கொடுத்த ஒரு பேட்டியில் பிரேசில் நிலைமையைத்தான் குறிப்பிட்டார். பழைய விதிக்காகக் கற்பித்த இறையியல் விளக்கங்களை முற்றிலும் மறுதலிப்பதாகச் சபை அதிகாரபூர்வமாக எழுத 2013 வரை ஆனது. அது தாமதம் மட்டுமில்லை, மிகப் பெரிய தாமதம்.

அக்டோபர் 30 அன்று ஆலயம் பிரதிஷ்டை ஆனது. அடுத்த சில நாட்களில் மார்டின்ஸ் தம்பதி அதனுள் போனார்கள். அவர்களுடைய மகன் மார்கஸுக்குக் கல்யாணப் பத்திரிகைகூட கொடுத்தாகிவிட்டது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு ஆண்டு மிஷனரிப் பணிக்குக் கிளம்பினார். 1990இல் எல்வேசியோ மார்டின்ஸ் சபையின் உலகளாவிய தலைமைக் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

ஐம்பதாயிரத்திலிருந்து பத்து லட்சம்

விதி விலகியபோது பிரேசிலில் உறுப்பினர்கள் சுமார் 55,000. 2007இல் பதிவேடு 10 லட்சத்தைத் தாண்டியது. வடகிழக்கு மாநிலங்கள், அதாவது ரெசிஃபி, சால்வடார், ஃபோர்டலேசா என்று கறுப்பரும் கலப்பினத்தவரும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள், அதுவரை கிட்டத்தட்ட தொடாமல் விடப்பட்டிருந்தன. 1979இலேயே ரெசிஃபியில் தனி மிஷன் தொடங்கினார்கள். இன்று நாட்டின் பலமான மார்மன் பகுதிகளில் வடகிழக்கும் ஒன்று.

விதி மட்டுமே எல்லாம் செய்துவிடவில்லை. 1940இல் பிரேசிலியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே நகரங்களில் இருந்தார்கள். 2000இல் ஐந்தில் நான்கு பேர் நகரவாசிகள். வறண்ட வடகிழக்கிலிருந்து பஸ் ஏறி சாவ் பாவ்லோவின் புறநகர்களில் வந்து விழுந்தவர்களுக்குச் சொந்தமும் இல்லை, ஊர்க் கோயிலும் இல்லை, பண்டிகையும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் குருமார் பற்றாக்குறை. புதிய குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர ஆள் இல்லை. 1970இல் மக்களில் 92 சதவீதம் கத்தோலிக்கர். 2010இல் அது 65க்கு இறங்கியது. அந்தப் பெரிய நகர்வில் மார்மன்களுக்குக் கிடைத்தது ஒரு சின்னத் துண்டு. பெரும்பங்கு பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைக்கு மட்டும் 2010 கணக்கெடுப்பில் 1.2 கோடிக்கு மேல்.

மார்மன் சபையின் கவர்ச்சி வேறு மாதிரி. சுத்தமான செங்கல் கட்டடம், புல்வெளி, இரும்பு வேலி, பெரும்பாலும் பக்கத்திலேயே பந்து விளையாட ஒரு மைதானம். உள்ளே சிலுவையும் கிடையாது, சிலைகளும் கிடையாது. ஞாயிறன்று பதின்வயதுப் பையன்கள் ரொட்டித் துண்டுகளும் சின்னக் குவளைகளில் தண்ணீரும் வரிசை வரிசையாகக் கொண்டுபோவார்கள். திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீர். சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை. இந்த வாரம் பிரசங்கம் செய்கிறவர் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனாக இருக்கலாம். அடுத்த வாரம் அவர் மனைவி. மேடையில் நின்று பேசியே பழகாத ஒரு வீட்டுவேலைக்காரப் பெண் ஆறு மாதத்தில் பெண்கள் அமைப்பின் ஆசிரியை ஆகிவிடுவார். கணவன் குடியை விடுகிறார், சம்பளம் வீடு வந்து சேர்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கம். மிஷனரிகள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பு தனி ஈர்ப்பு. இளம் வயதில் மிஷனரிகளிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்ட கார்லோஸ் விசார்ட் மார்டின்ஸ் 1987இல் தொடங்கிய ஆங்கிலப் பயிற்சிப் பள்ளிகள் நாடு முழுக்கக் கிளை விட்டு, 2013இல் பியர்சன் நிறுவனத்துக்குக் கைமாறின. எதிர்த்திசையிலும் பலன் உண்டு. பிரேசிலில் மிஷனரியாகச் சுற்றிய அமெரிக்கர் டேவிட் நீல்மன் பின்னாளில் திரும்பிவந்து 2008இல் அசூல் விமான நிறுவனத்தைத் தொடங்கினார்.

பதிவேட்டில் இருப்பவர்கள், சர்ச்சில் இருப்பவர்கள்

இனி அந்த ஒன்பது லட்சம். கணக்கு முறையிலேயே பாதி விடை இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தவர் ராஜினாமா செய்தாலோ, வெளியேற்றப்பட்டாலோ, இறந்தாலோ ஒழிய உறுப்பினர்தான். வந்தாரா, காணிக்கை கொடுத்தாரா என்பது பொருட்டில்லை. பெற்றோர் வழியாகப் பதிவான சின்னப் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. பிரேசிலில் யாரும் கடிதம் எழுதி மதத்திலிருந்து ராஜினாமா செய்வதில்லை. போவதை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அரசு ஊழியர் வந்து கேட்கும்போது கத்தோலிக்கர் என்றோ, இப்போது போகிற வேறு சபையின் பெயரையோ சொல்வார்கள்.

மறுபக்கத்து உதாரணம் ஒன்று பாருங்கள். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பு மாதந்தோறும் ஊழியம் செய்து அறிக்கை தருகிறவர்களை மட்டுமே தன் கணக்கில் சேர்க்கும். 2010ஐ ஒட்டி பிரேசிலில் அவர்களின் சொந்தக் கணக்கு ஏழு லட்சத்தைச் சுற்றி இருந்தது. அரசுக் கணக்கெடுப்பிலோ கிட்டத்தட்ட 13.9 லட்சம் பேர் தங்களை அந்த மதம் என்று சொன்னார்கள். அவர்களுக்கு அரசுக் கணக்கு இரண்டு மடங்கு, மார்மன்களுக்கு ஐந்தில் ஒன்று. இரண்டு அமைப்புகளுமே வீடு வீடாகப் போகிறவை, இரண்டுமே அமெரிக்காவில் பிறந்தவை. ஒன்று வாசலிலேயே வடிகட்டுகிறது. மற்றது முதலில் உள்ளே விடுகிறது.

2000இலிருந்து 2010 வரை பதிவேட்டில் சுமார் 3.6 லட்சம் பேர் கூடினார்கள். அதே பத்தாண்டில் அரசுக் கணக்கில் கூடியது 27,000 பேர் அளவில். நாட்டின் மக்கள்தொகையும் அந்தப் பத்தாண்டில் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடியிருந்ததைச் சேர்த்துப் பார்த்தால், விகிதத்தில் வளர்ச்சி கிட்டத்தட்ட இல்லை. என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் கவனிக்க வேண்டிய எண்கள் இவைதான். இன்று சபை 15 லட்சம் அளவிலான உறுப்பினர்களையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர்ச் சபைகளையும் சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு சபைக்கு ஏறக்குறைய 700 பேர். அத்தனை பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால் பெரும்பாலான கட்டடங்களில் இடம் போதாது.

ஏன் தங்குவதில்லை? மிஷனரி என்றால் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், இரண்டு ஆண்டு தவணை, ஒவ்வோர் ஊரிலும் சில மாதங்கள். சில வாரப் பாடங்களிலேயே ஞானஸ்நானம். பேசிப் பழகிய அந்த இரண்டு பேரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், புதிதாக வந்தவருக்கு ஞாயிறன்று தெரிந்த முகம் இருக்காது. குடும்பம் வராமல் பதின்வயதினர் மட்டும் விளையாட்டுக்காகவும் நட்புக்காகவும் வந்து சேர்வது எல்லா நாட்டிலும் உள்ள கதை. சேர்ந்தவுடன் பொறுப்புகள் குவிகின்றன: தசமபாகம், ஞாயிறு வேலைக்குப் போகாமை, வார நாள் கூட்டங்கள், ஏதாவதொரு பதவி. பஸ் கட்டணத்தை எண்ணிப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு, பாதி நகரம் கடந்து தனக்கென ஒதுக்கப்பட்ட சர்ச்சுக்குப் போவதே ஒரு கணக்கு. அதே தெருமுனையில் வாடகைக் கடையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை இருக்கும். போதகர் பக்கத்து வீட்டுக்காரர். டிரம்ஸ், கிட்டார், கைதட்டல், அழுகை, சுகமளிக்கும் ஜெபம். மார்மன் ஆராதனையோ பியானோவும் அமைதியும். சபைத் தலைமையகம் இருக்கும் யூட்டா மாநிலத்தில் எந்தப் பாடலை எந்தத் தாளத்தில் பாடுகிறார்களோ அதையேதான் சால்வடாரிலும் பாடுகிறார்கள். உலகெங்கும் ஒரே பாடம், ஒரே வரைபடக் கட்டடம், ஒரே உடை என்ற ஒழுங்கைச் சபை தன் பலமாகப் பார்க்கிறது. சம்பா, ஃபோஹோ ஆட்ட இசைகளைத் தந்த மண்ணில் அது விலை கேட்கிற பலம்.

இருந்தும் பிரேசிலின் மார்மன் சபையை வெறும் காகிதச் சபை என்று ஒதுக்கிவிட முடியாது. எஞ்சிய இரண்டேகால் லட்சம் என்பது சும்மா வந்துபோகிறவர்களின் எண்ணிக்கை இல்லை. அமேசான் காட்டு நடுவே இருக்கும் மனாஸ் நகர உறுப்பினர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெற்கே போக ஒழுங்கான சாலை கிடையாது. 1990களில் சாவ் பாவ்லோ ஆலயத்துக்குப் போக வேண்டுமென்றால் மதேரா ஆற்றில் போர்ட்டோ வெல்யோ வரை நாள்கணக்கில் படகு, அங்கிருந்து பஸ். ஒரு வழிப் பயணத்துக்கே ஒரு வாரம் போல ஆகும். 1992இல் நூறு பேருக்கு மேல் ஒரு குழுவாக அப்படிப் போய்வந்தார்கள். சிலர் வீட்டுச் சாமான்களை விற்றுத்தான் போனார்கள். 2012இல் மனாஸிலேயே ஆலயம் வந்தது. அதன் பிறகு ஃபோர்டலேசா, ரியோ, பெலேன், பிரேசிலியா, 2024இல் சால்வடார் என்று வரிசையாக.

ஆலயங்களின் இந்த வரிசை பதிவேட்டைவிட நம்பகமான அளவுகோல். ஆலயத்துக்குள் போக பிஷப்பின் நேர்காணலில் தேறி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தசமபாகம் ஒழுங்காகக் கட்டுகிற, காப்பி குடிக்காத, பொறுப்பேற்று உழைக்கிற பெரியவர்கள் ஒரு பகுதியில் போதுமான அளவு இல்லாமல் அங்கே ஆலயத்தை நடத்த முடியாது. உள்ளே பணியாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத உறுப்பினர்களே.

மிஷனரிகளின் முகமும் மாறிவிட்டது. 1997இல் சாவ் பாவ்லோவில் திறந்த பயிற்சி மையம், சபையின் இத்தகைய மையங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சட்டைப்பையில் 'எல்டர் சில்வா', 'எல்டர் சோசா' என்ற பெயர்ப்பலகையோடு கேட்டில் நின்று கைதட்டுகிற பையன் பெரும்பாலும் இன்னொரு மாநிலத்துப் பிரேசிலியனாகத்தான் இருப்பான். பெற்றோர் காலத்தில் சபையில் சேர்ந்த குடும்பத்தின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை. 2018 மார்ச்சில் சாவ் பாவ்லோவில் பிறந்த உலிசெஸ் சோவாரெஸ் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவராக அறிவிக்கப்பட்டார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அப்போஸ்தலர்களில் அதிக காலம் அந்தப் பதவியில் இருப்பவர்தான் தீர்க்கதரிசியாவது சபை வழக்கம் என்பதால், 1958இல் பிறந்த அவர் அந்தப் பதவி வரிசையில் என்றாவது அந்த நாற்காலிக்கு வருவது நடக்காத காரியம் இல்லை.

சவால் வெளியிலிருந்தும் வருகிறது. 2022 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 56.7 சதவீதம், பெந்தெகொஸ்தே உள்ளிட்ட எவாஞ்செலிக்கல் சபைகள் 26.9 சதவீதம், மதமே இல்லை என்றவர்கள் 9.3 சதவீதம். எவாஞ்செலிக்கல் சபைகளின் வேகமே எல்லாரும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. கத்தோலிக்கத்தை விட்டுக் கிளம்பிய பெரிய கூட்டம் கதவு கதவாகத் தேடிக்கொண்டிருந்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது. கிளம்ப நினைத்தவர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் எந்தச் சபைக்கும் போகாமல் இருக்கவும் தயங்குவதில்லை. புதிதாக ஆள் சேர்ப்பதையே இயந்திரமாக வைத்து வளர்ந்த மார்மன் சபை, பிறந்து வளர்ந்த பிள்ளைகளைத் தக்கவைப்பதைத் தன் முக்கிய வேலையாக்க வேண்டிய கட்டம் இது. அதற்கு யூட்டா பாடத்திட்டம் போதுமா, உள்ளூர்த் தாளத்துக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டுமா என்ற விவாதத்தில் முடிவு செய்யும் அதிகாரம் இன்னமும் பெரும்பாலும் சால்ட் லேக் சிட்டியில்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் இப்போது போர்த்துக்கீசியம் பேசி வளர்ந்தவர்.